இரவு பத்தரைக்கு மேல் ஏணி வேண்டாம்

கேள்வி: ஐயா, நான் ஒரு பல்கலைக்கழகத்தின் நாடகத் துறையில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மேடை மேலாண்மையும் ஒளியமைப்பும் என் சிறப்புப் பாடங்கள். காலை 5.30 மணிக்கு எழுந்து 6 மணிக்கு உடற்பயிற்சி வகுப்புக்குப் போகிறேன். 9.30 முதல் 1 மணி வரை பாட வகுப்பு, 2 முதல் 5 வரை செட் வேலை, மாலை 6 முதல் 10.30 வரை ஒத்திகை. அதன் பிறகு விளக்கு மாட்டுவது, ஒத்திகை அறிக்கை எழுதுவது எல்லாம் முடிந்து படுக்க 1.15 ஆகிவிடுகிறது. விடுதி மெஸ் 9 மணிக்கு மூடிவிடுவதால் பெரும்பாலான நாள் இரவில் டீயும் பன்னும்தான். அப்பா தினமும் இரவு 9 மணிக்கு அழைக்கிறார், எடுக்க முடிவதில்லை. சென்ற வாரம் ஏணியின் மேல் நின்றபோது கையிலிருந்த ஸ்பேனர் நழுவி, கீழே நின்ற நண்பனின் தோளை ஒட்டி விழுந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. களைப்பாக இருக்கிறது என்றால் இயக்குநராக இருக்கும் ஆசிரியர், "நாடகக்காரருக்குத் தூக்கம் எதற்கு?" என்கிறார். நாடகம் மேடையேற இன்னும் 24 நாள் இருக்கிறது. இந்தத் துறைக்கு நான் தகுதியில்லாதவளா? படிப்பை விட்டுவிடலாமா? ஒரு நாள் குறிப்பை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்ட கேள்விகளைக் காட்டிலும், போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன அந்த ஸ்பேனர்தான் என்னை நிறுத்தியது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் காலை 5.30 மணிக்கு எழுந்திருக்கிறீர்கள். அதிலிருந்து எண்ணினால் சரியாக 17 மணி நேரம் முடிகிறபோது இரவு 10.30 ஆகிறது, அதாவது உங்கள் ஒத்திகை முடிந்து விளக்கு மாட்டத் தொடங்கும் நேரம். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருக்கும் ஒருவரின் கவனமும் கையின் நிதானமும், 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் மதுசாரம் கலந்த ஒருவரின் நிலைக்கு இறங்கிவிடுவதை 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். நம் நாட்டில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தாலே மது அருந்தி வண்டி ஓட்டியதாக வழக்குப் போடுகிறார்கள். சாலையில் இரு சக்கர வண்டி ஓட்டவே சட்டம் அனுமதிக்காத அளவு மந்தப்பட்ட நிலையில், உச்சியில் நின்று, கழுத்தை அண்ணாந்து, ஒரு கையால் விளக்கைத் தாங்கி மறு கையால் போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தீர்கள் என்பதுதான் இதன் பொருள். ஸ்பேனர் நழுவியதற்கு உங்கள் கவனக்குறைவையோ திறமைக்குறைவையோ காரணமாக நினைத்து வருந்த வேண்டாம். அந்த நேரத்தில் அந்த ஏணியில் எவர் நின்றிருந்தாலும் அது நழுவியிருக்கலாம்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. மாணவனாக இருந்த காலத்தில் ஒரு தயாரிப்புக்கு, மேடை விளக்குகளை இயக்கும் விளக்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். மூன்று இரவுகளாகச் சரியான தூக்கமில்லை. கடைசி ஒத்திகையில் மேடை மேலாளர் 31ஆம் கியூவுக்கு, அதாவது 31ஆவது ஒளி மாற்றத்துக்கு, "ஸ்டேண்ட்பை" (தயாராக இரு) என்று மட்டுமே சொன்னார். என் காதில் அது "கோ" (இப்போது மாற்று) என்று விழுந்தது. மேடை முழுவதும் இருண்டபோது, நான்கு படி உயரமுள்ள ஒரு தளத்திலிருந்து ஒரு நடிகர் இறங்கிக்கொண்டிருந்தார். இரண்டாவது படியில் அவர் கால் பிசகி விழுந்த சத்தத்தை இருட்டில் கேட்டபோதுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்கு உறைத்தது. கணுக்கால் எலும்பு முறிந்து, அவர் அந்த நாடகத்தில் நடிக்கவே இல்லை. அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொன்னதில்லை. ஆனாலும் அன்று முதல் இரவு வேலையைப் பற்றி எவர் பெருமையாகப் பேசினாலும் எனக்கு அந்தச் சத்தம் கேட்கிறது.

எனவே நாளை முதல் ஒரு விதியை நீங்களே எழுதி, விளக்குப் பலகைக்கு அருகே ஒட்டிவிடுங்கள்: இரவு 10.30க்கு மேல் எவரும் ஏணியில் ஏறக் கூடாது. பகலில் ஏறும்போதும் ஸ்பேனரை ஒரு நாடாவால் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளுங்கள். ஏணியைப் பிடிப்பவர் தவிர எவரும் அதன் அடியில் நிற்க வேண்டாம். ஒவ்வொரு விளக்குக்கும், அது நழுவினாலும் விழாமல் தாங்கும் சேஃப்டி செயின் மாட்டிய பிறகே கையை எடுங்கள். ஏணி மட்டுமே ஆபத்து என்றும் எண்ணிவிடாதீர்கள். நம் கல்லூரி மேடைகளில் பெரிதும் புழங்கும் 1000 வாட் பார் (PAR) விளக்கு ஒன்று 230 வோல்ட்டில் ஏறத்தாழ 4.3 ஆம்பியர் எடுக்கும். ஒரு 16 ஆம்பியர் பிளக்கில் மூன்று விளக்குகளைத் தாராளமாகப் போடலாம், நான்காவதைச் செருகினால் 17ஐத் தாண்டிவிடும். இந்தக் கணக்கு உங்களுக்கு மனப்பாடமாகத் தெரியும். நள்ளிரவு 12.30க்கும் அது நினைவில் நிற்குமா என்பதே கேள்வி. நடந்த சம்பவத்தையும் மறைக்காமல் அடுத்த ஒத்திகை அறிக்கையில் தேதி, நேரம், இடம் குறித்து எழுதுங்கள். மேடை மேலாளரின் அறிக்கையில் அதற்கென்று இடம் இருக்கிறது. உங்கள் நண்பரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள், அவரும் அதை மனத்தில் வைத்திருப்பார்.

இனி உங்கள் நாளைப் பற்றி. நீங்கள் இணைத்திருந்த ஒரு நாள் குறிப்பை இரண்டு முறை படித்தேன், ஒரு தாளில் கூட்டியும் பார்த்தேன். ஒத்திகை நேரம் 6 முதல் 10.30 வரை, அதாவது 270 நிமிடம். இரண்டு நடிகர்கள் வராததால் 6.40 வரை எல்லோரும் காத்திருந்தீர்கள். 7.30 வரை மூன்றாம் காட்சி நடந்தது. பிறகு 8.05 வரை இயக்குநரும் இசைக்காரரும் ஒரு பாட்டின் மெட்டைப் பற்றிப் பேசினார்கள். 8.50 வரை ஏழாம் காட்சி, 9.20 வரை டீயும் பொதுப் பேச்சும், 9.50 வரை மீண்டும் மூன்றாம் காட்சி, கடைசி 40 நிமிடம் இயக்குநரின் குறிப்புகள். மேடையில் ஒத்திகை நடந்தது 125 நிமிடம்தான். அதிலும் ஏழாம் காட்சியில் நான்கே பேர் இருக்க, மற்ற 15 நடிகர்களும் சுவர் ஓரமாக உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

நாடக மாணவர்களின் நாள் நீளமானது என்பது உண்மை. அது வேறு துறை மாணவர்களின் நாளைப் போல ஒருபோதும் ஆகப்போவதில்லை, ஏனென்றால் பகலில் வகுப்பு இருக்கும் வரை இருபது பேரை ஒன்றாகச் சேர்க்க மாலையை விட்டால் வேறு நேரம் கிடையாது. ஆனால் பல ஆண்டுகளாகக் கல்லூரித் தயாரிப்புகளைப் பார்த்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த நீளத்தில் பெரும்பகுதி காத்திருப்பு. காத்திருப்பும் வேலையைப் போலவே உடலைக் களைக்க வைக்கும், சொல்லப்போனால் கூடுதலாகவே களைக்க வைக்கும். இந்தக் காத்திருப்பைக் குறைக்கும் அதிகாரம் இயக்குநரிடம் இருப்பதைவிட உங்களிடம்தான் அதிகம் இருக்கிறது. மேடை மேலாண்மை என்ற தொழில் தோன்றியதே அதற்காகத்தான்.

முதலில் ஒரு காட்சி அட்டவணை போடுங்கள். இடப்பக்கம் மேலிருந்து கீழாக எல்லாக் காட்சிகளையும், மேலே குறுக்காக எல்லாப் பாத்திரங்களையும் எழுதி, யார் எந்தக் காட்சியில் வருகிறார்களோ அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி வையுங்கள். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் வேலை இது. போட்டு முடித்ததும் உங்கள் நாடகம் வேறு உருவத்தில் தெரியத் தொடங்கும். கூட்டக் காட்சியில் வருகிற எட்டுப் பேர் மூன்று காட்சிகளுக்கு மட்டுமே தேவைப்படுகிறார்கள், அரசனும் தூதனும் வரும் காட்சிகள் இரண்டையும் அடுத்தடுத்து எடுத்துக்கொள்ளலாம், பாட்டு வரும் இடங்களை ஒரே மாலையில் சேர்த்துவிடலாம் என்பவை எல்லாம் அந்தப் புள்ளிகளிலிருந்தே புலப்படும். நாடகத்தை முதலிலிருந்து கடைசி வரை நிறுத்தாமல் பார்க்கும் முழு ஓட்டம் தொடங்கும் நாள் வரையில் நாடகத்தின் வரிசையில் ஒத்திகை பார்க்க வேண்டிய தேவையே இல்லை. ஆட்களின் வரிசையில் பார்க்கலாம். கூட்டக் காட்சிகளை 6 மணிக்கு வைத்தால் அந்த எட்டுப் பேரை 7.30க்கு அனுப்பிவிடலாம், அவர்கள் மெஸ்ஸில் சூடாகச் சாப்பிடுவார்கள். நான்கு பேர் காட்சிக்கு வேண்டியவர்கள் 8.30க்கு வந்தால் போதும். இதை முந்தைய நாள் மாலைக்குள் எழுதி அறிவிப்புப் பலகையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிடுங்கள், பெயருக்கு நேரே நேரம் இருக்கட்டும். "எல்லோரும் 6 மணி" என்று எழுதினால் எவரும் 6 மணிக்கு வரமாட்டார்கள். தன் பெயருக்கு நேரே 7.40 என்று இருப்பதைப் பார்ப்பவர் 7.35க்கு வந்து நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், தன் நேரத்துக்கு ஒருவர் மதிப்புக் கொடுத்திருக்கிறார் என்பது அவருக்குப் புரிந்துவிடுகிறது.

அடுத்தது 24 நாள். இன்றிலிருந்து முன்னோக்கி எண்ணாமல் மேடையேறும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். அதற்கு முந்தைய இரண்டு நாள், உடை, ஒளி எல்லாவற்றோடும் முழு நாடகத்தையும் பார்க்கும் கிராண்ட் ரிகர்சல். அதற்கு முன் இரண்டு நாள் கியூவுக்குக் கியூ தாவிப் பார்க்கும் டெக்னிகல் ஒத்திகை. அதற்கும் முன் ஒரு நாள் முழுவதும் விளக்குகளைத் திருப்பிக் குவிப்பதற்கு. அதற்கு முந்தைய நாள் விளக்கு மாட்டுவதற்கு. இந்த ஆறு நாளைக் கழித்தால் உங்கள் கையில் 18 நாள் இருக்கிறது. இந்த 18 நாளில் எந்த இரவிலும் நீங்கள் விளக்கு மாட்ட வேண்டிய அவசியம் இல்லை. செட் முடிவாவதற்கு முன் மாட்டும் விளக்கை எப்படியும் மறுபடி கழற்றி மாட்டத்தான் போகிறீர்கள், உங்கள் குறிப்பிலேயே இடப்பக்கக் கம்பியை இரண்டு முறை மாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் காகிதத்தில் விளக்குத் திட்டத்தை வரைந்து முடியுங்கள். மாட்டும் நாளை ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலாக வையுங்கள். மூடிய அரங்கில் கதவுகளை அடைத்து, சன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டால் பகல் 11 மணியும் இரவுதான்.

உங்கள் மேடை திறந்தவெளி என்றால் இந்த யோசனை பலிக்காது, சூரியன் மறைந்த பிறகுதான் குவிக்க முடியும். அப்படியானால் குவிக்கும் அந்த இரவில் ஒத்திகை கூடாது, மறுநாள் காலை 6 மணி உடற்பயிற்சியிலிருந்து ஒளிக் குழுவுக்கு விலக்கு வேண்டும் என்று துறைத் தலைவருக்கு இன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள். முன்கூட்டி எழுத்தில் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். அன்று காலை வராமல் இருந்துவிட்டுக் காரணம் சொன்னால் கிடைக்காது.

ஒத்திகை அறிக்கையை ஒத்திகை முடிந்த பிறகு எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். உங்கள் ஸ்கிரிப்ட்டின் எதிர்ப்பக்கம் வெறுமையாக இருக்குமாறு கட்டி, நடக்க நடக்க அங்கேயே குறியுங்கள். 10.30க்கு அதைப் பார்த்து ஆறேழு வரி எழுதினால் போதும். யார் வரவில்லை, என்ன மாறியது, என்ன பொருள் வேண்டும், நாளை எப்போது என்பதற்கு மேல் எவரும் அதில் தேடப்போவதில்லை.

சாப்பாட்டை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை. மெஸ் 9 மணிக்கு மூடுகிறது என்றால் 8 முதல் 8.30 வரை ஒத்திகைக்கு இடைவேளை விடுவது உங்கள் பொறுப்பு. அன்றைய குறிப்பில் டீக்கும் பொதுப் பேச்சுக்கும் போன 30 நிமிடம் இந்த நேரத்துக்கு நகர்ந்தால் கணக்குச் சரியாகிவிடுகிறது. டெக்னிகல் ஒத்திகை நாட்களில் மட்டும் ஒருவர் டிபன் கேரியரில் எல்லோருக்கும் வாங்கி வருவதற்கு விடுதிக் காப்பாளரிடம் கடிதம் கொடுத்துவிடுங்கள். 9 மணி டீயை அறவே விட்டுவிடுங்கள். அதில் உள்ள காஃபீனில் பாதி உடலிலிருந்து நீங்கவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது என்பதால், நீங்கள் படுத்த பிறகும் அது உங்களோடு விழித்துக்கொண்டிருக்கிறது. இவற்றையெல்லாம் செய்தால் ஒத்திகை 10க்கு முடிந்து, 10.45க்கு நீங்கள் படுக்க முடியும். 5.30 வரை ஆறே முக்கால் மணி நேரம் கிடைக்கும். உங்கள் வயதுக்கு ஏழு மணி நேரத்துக்குக் குறையாமல் வேண்டும், ஆகவே இது போதாது. ஞாயிற்றுக்கிழமை காலையை எவருக்கும் கொடுக்காதீர்கள், விளக்கு மாட்டும் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையிலும் வேலையை 11 மணிக்குத்தான் தொடங்குங்கள். ஆனாலும் இப்போதுள்ள நாலே கால் மணி நேரத்தோடு ஒப்பிட்டால் இது வேறு வாழ்க்கை.

உங்கள் ஆசிரியர் சொன்ன வாக்கியத்துக்கு வருகிறேன். அவர் கொடுமைக்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை. அவருக்கும் அவருடைய ஆசிரியர் அப்படித்தான் சொல்லியிருப்பார். விடிய விடியக் கூத்து ஆடிய மண் இது, ஒரே இரவில் ஒரு முழு நாடகத்தையே எழுதி முடித்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் என்றெல்லாம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் கூத்து ஆடுகிறவர்களைப் போய்ப் பாருங்கள். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரை ஆடுகிற கலைஞர், வேஷத்தைக் கலைத்த பிறகு, பகலில் ஏதாவது ஒரு நிழலில் அசந்து தூங்குவார். பிற்பகலில் பாரதம் சொல்பவர் வேறொருவர். அந்த மரபு தூக்கத்தை ஒதுக்கவில்லை, பகலுக்கு மாற்றி வைத்தது. உங்களுக்கோ காலை 6 மணிக்கு வருகைப் பதிவேடு இருக்கிறது. தனியாக உட்கார்ந்து இரவு முழுவதும் எழுதுகிறவரின் களைப்பு அவரோடு போகும், ஏணியின் மேல் நிற்பவரின் களைப்பு கீழே நிற்பவரின் தலையில் விழும்.

அமெரிக்காவின் தொழில்முறை நாடகத்தில் நடிகர்களுக்கும் மேடை மேலாளர்களுக்குமான ஆக்டர்ஸ் ஈக்விட்டி என்ற சங்கம் 1913இலிருந்து இயங்கி வருகிறது. அங்கே 55 நிமிட ஒத்திகைக்கு 5 நிமிடம், அல்லது 80 நிமிடத்துக்கு 10 நிமிடம் ஓய்வு என்பது ஒப்பந்த விதி. கடிகாரத்தைப் பார்த்து அந்த ஓய்வை அறிவிப்பவர் மேடை மேலாளர்தான். டெக்னிகல் ஒத்திகை நாளில் 12 மணி நேர வரம்புக்குள் 10 மணி நேரம் வரை வேலை வாங்கலாம் என்ற நடைமுறை இருந்தது, அதுவே மனிதர்களுக்கு அதிகம் என்று சொல்லி அண்மை ஆண்டுகளில் பல அரங்குகள் அதைக் கைவிட்டிருக்கின்றன. கடினமான துறையில் இருப்பவர்களே இதைப் பேசி முடிவு செய்திருக்கிறார்கள் என்பதை ஆசிரியர் அறிந்தால் நல்லது.

அவரிடம் பேசப் போகும்போது களைப்பைப் பற்றிப் பேசாதீர்கள். அவரிடம் அதற்குப் பதில் தயாராக இருக்கிறது. காட்சி அட்டவணையையும் 24 நாள் திட்டத்தையும் கையில் எடுத்துக்கொண்டு, ஒத்திகை தொடங்குவதற்கு முன் அல்ல, பகலில் அவர் அறைக்குப் போங்கள். "ஐயா, இந்த வாரத்துக்கு மட்டும் இப்படி அழைத்துப் பார்க்கிறேன். மேடையில் நடக்கும் ஒத்திகை நேரம் இப்போது இரண்டு மணி நேரம்தான் வருகிறது, இதில் மூன்று மணி நேரம் வரும். சரியாக வராவிட்டால் பழையபடியே வைத்துக்கொள்ளலாம்" என்று சொல்லுங்கள். கூடுதலாக ஒரு மணி நேரம் ஒத்திகை கிடைக்கும் என்றால் மறுக்கும் இயக்குநரை நான் இதுவரை சந்தித்ததில்லை. ஸ்பேனர் விழுந்ததையும் அப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

அப்பாவின் அழைப்பை மதியம் 1.15க்கு மாற்றிக்கொள்ளுங்கள். இரவில் மகள் போன் எடுக்காத ஒவ்வொரு நாளும் தொலைவில் இருக்கும் ஒரு தகப்பனுக்கு எப்படிக் கழியும் என்று உங்களுக்குத் தெரியும். பத்து நிமிடம் போதும், சாப்பிட்டுக்கொண்டே பேசலாம். முடிந்தால் நாடகத்துக்கு அவரை அழைத்து, விளக்குப் பலகைக்குப் பின்னால் நீங்கள் உட்காரும் இடத்தை ஒருமுறை காட்டுங்கள்.

நேரம் கிடைத்தும் தூக்கம் வராமல் இரண்டு வாரம் நீடித்தாலோ, காரணமில்லாமல் அழுகை வந்தாலோ, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலோ, அதை அட்டவணையால் சரிசெய்ய முயல வேண்டாம். பல்கலைக்கழக மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ உடனே செல்லுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416இல் எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

படிப்பை விட்டுவிடலாமா என்ற கேள்விக்கு இப்போது நானும் பதில் சொல்லமாட்டேன், நீங்களும் சொல்லிக்கொள்ளாதீர்கள். நாலே கால் மணி நேரத் தூக்கத்தில் எடுக்கும் முடிவு எதுவும் உங்கள் முடிவாக இருக்காது. நாடகம் மேடையேறி, செட்டைப் பிரித்து, ஒரு வாரம் வீட்டில் தூங்கிய பிறகு இதே கேள்வியை எனக்கு மறுபடி எழுதுங்கள், அப்போது பேசலாம். தகுதியைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல முடியும். ஒரு மாலை முழுவதும் என்ன நடந்தது என்பதை நிமிடக் கணக்கோடு, எவர் மீதும் குற்றம் சுமத்தாமல், அவ்வளவு தெளிவாகக் குறித்து அனுப்பியிருக்கிறீர்கள். மேடை மேலாளராக வேலைக்கு ஆள் எடுக்கும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான்.

காட்சி அட்டவணையை இன்று இரவு தொடங்க வேண்டாம். நாளை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள்.